கிரனாடா தெருக்களில் கிட்டார் கேட்க எங்கே, எப்போது போகலாம்?

"ஜூனில் கணவருடன் ஸ்பெயின் போகிறேன், கிரனாடாவில் மூன்று நாள் தங்குகிறோம். அங்கே தெருவில் கிட்டார் வாசிப்பவர்களைக் கேட்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. எந்த இடத்துக்கு எப்போது போவது, எவ்வளவு பணம் போடுவது? அவர்கள் நல்ல கலைஞர்களா, சுற்றுலாப் பயணிகளுக்காக ஏதோ வாசிப்பவர்களா? கர்நாடக சங்கீதம் ஓரளவு கேட்பேன், மேற்கத்திய இசை தெரியாது" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று நாள் தாராளம். ஒரே ஒரு வேண்டுகோள்: எத்தனை பேரைக் கேட்டோம் என்று கணக்கு வைக்காதீர்கள். யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் முன்னால் ஒரு மணி நேரம் உட்காருங்கள். நான் அந்த ஊருக்கு ஐந்து முறை போயிருக்கிறேன். முதல் இரண்டு முறையும் நடந்துகொண்டே கேட்டேன். இங்கே இரண்டு நிமிடம், அங்கே மூன்று நிமிடம். ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு வாசிப்புகூட மனத்தில் நிற்கவில்லை. மூன்றாவது முறை, அல்பாய்சின் பகுதியின் கூழாங்கல் பாதையில் கால் பிசகிவிட்டது. ஆற்றோரக் கைப்பிடிச் சுவரில் உட்காருவதைத் தவிர வேறு வழியில்லை. எதிரே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மடக்கு நாற்காலியை விரித்துக்கொண்டிருந்தார். அன்று மாலைதான் கேட்கக் கற்றுக்கொண்டேன்.

அவர் உடனே வாசிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தபால்தலை அளவு உப்புத்தாள் ஒன்றை எடுத்து, வலது கை நகங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். கட்டைவிரல் நகத்தை மட்டும் இரண்டு முறை தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உதட்டில் உரசிச் சோதித்தார். வீணைக்காரர்கள் நகத்தைப் பேணுவதைப் பார்த்திருந்தால் உங்களுக்கு இது புதிதாக இராது. ஃப்ளமெங்கோ என்ற தென் ஸ்பெயின் இசையை வாசிப்பவர்களுக்கு நகமே மீட்டுகோல். விரல்களை விசிறிபோல் விரித்துத் தந்திகளை வாரி அடிக்கும்போது சாதாரண நகம் உடைந்துவிடும். அதனால் பலர் பசை பூசிக் கெட்டியாக்கிக்கொள்வார்கள். பிறகு கிட்டார் கழுத்தின் இரண்டாம் கட்டில் ஒரு சிறு பட்டையை இறுக்கினார். அதற்கு செஹிய்யா என்று பெயர்; சுருதியை உயர்த்துவதற்கான கருவி. தந்திகளுக்குச் சுருதி கூட்டினார். ஆற்றுக் காற்று குளிர்ந்ததும் மறுபடி கூட்டினார். இவ்வளவுக்கும் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரத்தைப் பார்த்தவர்கள் எங்கள் சுவரில் இருந்த இரண்டு மூன்று பேர்தான்.

அந்த இடத்தின் பெயர் பாசேயோ தெ லோஸ் திரிஸ்டேஸ். 'துயருற்றோர் நடைவழி' என்று பொருள். ஒரு காலத்தில் இறந்தவர்களைக் கல்லறைக்குக் கொண்டுசெல்லும் ஊர்வலம் அந்த வழியாகத்தான் மேலே ஏறிப் போகும். இன்று அங்கே சோகம் எதுவும் இல்லை. ஒரு பக்கம் தாரோ ஆறு, அகலம் குறைந்த ஓடைபோலச் சலசலக்கிறது. அதற்கு நேர் மேலே, மரங்கள் அடர்ந்த குன்றின் உச்சியில் அல்ஹம்ப்ரா என்ற பழைய கோட்டை அரண்மனையின் கோபுரங்கள். சதுக்கத்தில் காபிக்கடை மேசைகள். உங்கள் பட்டியலில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் இடம் என்றால் இதைச் சொல்வேன். மாலை ஏழு மணிக்குப் போய், மேசை வரிசைக்கு அப்பால், சுவரோரம் உட்காருங்கள்.

எல்லாப் பயணக் கையேடுகளும் சான் நிக்கோலாஸ் காட்சி மேடையைத்தான் முதலில் சொல்லும். அங்கிருந்து அல்ஹம்ப்ரா முழுதாகத் தெரியும், பின்னால் சியெர்ரா நெவாதா மலைத்தொடர். ஜூனில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை தாண்டிவிடும். அந்த நேரத்தில் கோட்டைச் சுவர்கள் செங்கல் நிறத்துக்கு மாறுவதைப் பார்க்க ஊரே திரண்டிருக்கும். கிட்டாரோடு பாட்டும் கைத்தட்டலும் சேர்ந்து நான்கைந்து பேர் ரும்பா என்ற துள்ளல் இசையை உற்சாகமாக வாசிப்பார்கள். அது ஒரு கொண்டாட்டம், ஒரு முறை போய் நில்லுங்கள். ஆனால் விரல் நுணுக்கம் எதுவும் அந்தக் கூட்டத்தில் காதில் விழாது. அதே மேடைக்குக் காலை பத்து மணிக்குப் போனால் கதையே வேறு. சில நாள் யாரும் இருக்க மாட்டார்கள். சில நாள் ஒருவர் தனக்காகவே வாசித்துக்கொண்டிருப்பார். மேடேற முடியாவிட்டால் கீழே உள்ள பிளாசா நுவேவா சதுக்கத்திலிருந்து சிறிய பஸ் உண்டு.

மூன்றாவது இடம், பிளாசா நுவேவாவிலிருந்து அல்ஹம்ப்ராவுக்கு ஏறும் குவெஸ்தா தெ கோமேரெஸ் என்ற செங்குத்தான தெரு. அதன் முடிவில் ஒரு கல் வாயில். மேலே மூன்று மாதுளம்பழங்கள் செதுக்கப்பட்டிருக்கும். ஸ்பானிய மொழியில் கிரனாடா என்றாலே மாதுளைதான். வாயிலைத் தாண்டினால் நிழல் அடர்ந்த சோலை. அந்தப் பாதையோரத்தில் பெரும்பாலும் மேற்கத்திய சாஸ்திரீய கிட்டார் வாசிப்பவர்கள்தான் அமர்வார்கள். கதீட்ரலைச் சுற்றியுள்ள சந்துகளிலும் பிப்-ரம்ப்ளா சதுக்கத்திலும் கிட்டார் உண்டு, ஆனால் கடைவீதி இரைச்சல் அதிகம்.

பிற்பகல் இரண்டரை முதல் ஐந்தரை வரை எங்கும் போகாதீர்கள். வெயில் முப்பத்தைந்து டிகிரியைத் தொடும். கடைகளில் பாதி மூடியிருக்கும். தெருவில் கலைஞர்கள் இருக்க மாட்டார்கள். ஊரார் சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்ட மேசையிலேயே ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பேச்சுக்கென்றே சோப்ரெமேசா என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பிறகு சிறு தூக்கம். நீங்களும் தூங்குங்கள். காலை முழுவதும் அல்ஹம்ப்ராவில் நடந்த களைப்போடு மாலையில் போய் நின்றால் இரண்டாவது உருப்படிக்குள் கால் வலிக்க ஆரம்பித்துவிடும். இராச் சாப்பாடு ஒன்பதுக்கு முன் பெரும்பாலும் தொடங்காது. அதற்குள் பசித்தால் ஏதாவது ஒரு பாரில் பானம் ஒன்று சொல்லுங்கள்; கூடவே ஒரு சிறு தட்டு உணவு இலவசமாக வரும். அது கிரனாடாவில் இன்னும் பெரும்பாலும் மாறாத வழக்கம். மது வேண்டாம் என்றால் மோஸ்தோ என்ற திராட்சைச் சாறு கேட்கலாம். சைவம் என்றால் பானம் சொல்லும்போதே இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல் அந்தப் பக்கத்துப் பண்டம், மிக நன்றாக இருக்கும்.

இனி இசைக்கு வருகிறேன். தெருவில் நீங்கள் கேட்கப்போவது இரண்டு வகை. ஒன்று எழுதிவைத்த சாஸ்திரீய இசை, மற்றது ஃப்ளமெங்கோ. தூரத்திலிருந்தே பிரித்தறியலாம். இடது காலை ஒரு சிறு பலகைமேல் உயர்த்தி, கிட்டாரை அந்தத் தொடைமேல் சாய்த்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் அவர் சாஸ்திரீய கிட்டார் பயின்றவர். வலது தொடைமேல் கிட்டாரை வைத்து, பெரும்பாலும் கால்மேல் கால் போட்டிருந்தால் ஃப்ளமெங்கோ. ஃப்ளமெங்கோ கிட்டாரின் ஒலித்துளை அருகே கண்ணாடிபோல ஒரு தகடு ஒட்டியிருக்கும். தாளத்துக்காக விரலால் தட்டும்போது மரம் கெடாமல் காக்க. பழைய முறைக் கிட்டார் என்றால் பக்கங்கள் வெளிர் மஞ்சளாக இருக்கும், சைப்ரஸ் மரம். நாதம் நீடிக்காது, சட்டென்று வெடித்து அடங்கும். ஆட்டக்காரரின் கால்சத்தத்துக்கு நடுவே கேட்க வேண்டிய கருவி அது. நாதம் நீண்டால் தாளம் மங்கிவிடும்.

சாஸ்திரீய வகையில் நீங்கள் கட்டாயம் கேட்கப்போவது 'அல்ஹம்ப்ராவின் நினைவுகள்'. பிரான்சிஸ்கோ தாரெகா (1852-1909) 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதியது. ஒரே நாளில் நான்கு பேர் வாசித்துக் கேட்டிருக்கிறேன். அதனாலேயே சலிப்பாகப் பேசுபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஒருவருடைய தரத்தை உடனே அளந்துவிட இதைவிட நல்ல உருப்படி கிடையாது. கட்டைவிரல் கீழ்ச்சுரங்களை நடத்திச் செல்ல, மற்ற மூன்று விரல்களும் ஒரே தந்தியை மாறி மாறித் தட்டிக்கொண்டே இருக்கும். சரியாக வந்தால் அறுபடாத ஒரே இழையாகக் காதில் விழும். ஒரு விரல் தளர்ந்தாலும் குதிரை நொண்டுவதுபோலத் தெரிந்துவிடும். பாதியில் சோகமான சுர வரிசை மாறி, அதே ஆதார சுரத்திலேயே வெளிச்சம் வந்ததுபோல ஒலிக்கும் இடம் ஒன்று உண்டு. நல்ல கலைஞர் அந்தத் திருப்பத்துக்கு முன் ஒரு நூலளவு தயங்குவார். அதைக் கவனியுங்கள்.

இன்னொன்று ஸ்பானிய இசையமைப்பாளர் அல்பேனிஸின் 'அஸ்தூரியாஸ்'. கிட்டாருக்கென்றே பிறந்ததுபோல இருக்கும், ஆனால் அவர் எழுதியது பியானோவுக்கு. கிட்டாரின் சாயலைப் பியானோவில் கொண்டுவர முயன்றார். பிறகு கிட்டார்காரர்கள் அதைத் தங்கள் வீட்டுக்கே அழைத்துக்கொண்டார்கள். பெயரில் இருப்பது ஸ்பெயினின் வடக்கு மாநிலம், இசையில் இருப்பதோ முழுக்க ஆந்தலூசியா, கிரனாடா இருக்கும் தென் பகுதி.

ஃப்ளமெங்கோவில் உங்கள் கர்நாடகக் காது கைகொடுக்கும். அதன் அடிப்படைச் சுர வரிசையை ஐரோப்பியர்கள் பிரிஜியன் என்பார்கள். சுரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது நம் தோடிதான்: சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். வாக்கியத்தை முடித்து ஆதாரத்தில் வந்து இறங்கும்போது காந்தாரம் அந்தர காந்தாரமாக உயர்ந்துவிடும். அப்போது வகுளாபரணத்தின் சுரங்கள் கிடைக்கும். இரண்டு காந்தாரங்களும் மாறி மாறி வருவதில்தான் அந்த ஏக்கம் இருக்கிறது. நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கப்போகும் நான்கு படி இறக்கம் ஒன்று உண்டு. அடிச்சுரங்களை மட்டும் பாடிப் பார்த்தால் ம - க - ரி - ச. அது பிடிபட்டால் பாதி ஃப்ளமெங்கோ பிடிபட்டதாகவே எடுத்துக்கொள்ளலாம். கமகத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கட்டுகள் பதித்த கழுத்தில் அது வேறு மாதிரிதான் வரும்.

இந்த ஒற்றுமையை வைத்து "ஃப்ளமெங்கோ நம் நாட்டிலிருந்து போனது" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஹித்தானோ எனப்படும் ஸ்பானிய ரோமா மக்களின் முன்னோர் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை அவர்கள் மொழியே காட்டுகிறது. தண்ணீருக்கு அவர்கள் சொல் 'பன்யி', இந்தியின் 'பானி'போலவே. 15ஆம் நூற்றாண்டில் அவர்கள் ஸ்பெயினை அடைந்தார்கள். ஃப்ளமெங்கோ அதன் இன்றைய உருவில் தெரியத் தொடங்குவது 18, 19ஆம் நூற்றாண்டுகளில்தான். ஆந்தலூசிய நாட்டுப் பாடல், முன்பு அங்கே ஆண்ட முஸ்லிம்களான மூர்கள் விட்டுச்சென்ற இசை, ஹித்தானோ குரல் எல்லாம் ஒரே மண்ணில் வறுமையோடு கலந்து விளைந்தது அது.

தாளத்துக்கு அவர்கள் சொல் கொம்பாஸ். சோலெயா என்ற வகையில் பன்னிரண்டு எண்ணிக்கை. அழுத்தம் விழுவது 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில். முதலில் இரண்டு மும்மூன்று, பிறகு மூன்று இரண்டிரண்டு என்று பிரித்து விரலில் எண்ணுங்கள். மிஸ்ரசாபு பழகிய கைக்கு ஐந்து நிமிடத்தில் வசப்படும். தொடையில் மெல்லத் தட்டி எண்ணலாம், சத்தமாகக் கைதட்ட வேண்டாம். அங்கே கைத்தட்டல் தனி வித்தை, பால்மாஸ் என்று பெயர். ஒலிக்கும் தட்டல், அமுங்கிய தட்டல் என்று இரண்டு வகை வைத்துப் பல ஆண்டு பழகுவார்கள். அன்போடு தட்டினாலும் தவறான இடத்தில் விழும் தட்டு கலைஞரை இழுத்துக் கீழே தள்ளும். ஒரு வாக்கியம் அழகாக முடிந்தால் 'ஒலே' என்று தாழ்ந்த குரலில் சொல்லலாம். நம் சபையில் 'பலே' சொல்வதுபோலத்தான், சரியான இடத்தில் விழுந்தால் அவர் முகம் மலரும்.

"நல்ல கலைஞர்களா" என்று கேட்டீர்கள். ஒலிபெருக்கியில் பின்னணி இசையை ஓடவிட்டு அதன்மேல் வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கடந்து போய்விடுவேன். மின்சாரம் இல்லாமல் வாசிப்பவரைத் தேடி, மூன்று மீட்டருக்குள் உட்காருங்கள். விரல் தந்தியில் வழுக்கும் ஓசை வரை கேட்க வேண்டும். மற்றபடி, தெருவில் வாசிப்பதால் ஒருவர் குறைந்தவர் ஆகிவிடுவதில்லை. இசைப் பள்ளி மாணவர்கள், இரவில் சாக்ரொமோந்தே என்ற குன்றுப் பகுதியின் குகை அரங்குகளில் ஆட்டத்துக்கு வாசித்துவிட்டு மாலையில் தனியாக வாசிப்பவர்கள், எங்கெங்கோ சுற்றி இந்த ஊரில் தங்கிவிட்டவர்கள் என்று எல்லாரும் உண்டு. அசல் எது என்ற கவலை அந்த ஊருக்கும் பழையதுதான். இசையமைப்பாளர் மானுவேல் தெ ஃபாயாவும் இளைஞரான கவிஞர் கார்சியா லோர்காவும் நண்பர்களோடு சேர்ந்து 1922 ஜூன் 13, 14 தேதிகளில் அல்ஹம்ப்ராவுக்குள்ளேயே ஒரு பாட்டுப் போட்டி நடத்தினார்கள். மேடைக்காக மெருகேற்றிய பாட்டில் ஃப்ளமெங்கோவின் பழைய ஆழப்பாட்டு மரபு அழிந்துவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு. தொழில்முறைப் பாடகர்களைப் போட்டியில் சேர்க்கவில்லை. பரிசு பெற்றவர்களில் ஒருவர் எழுபதைத் தாண்டிய முதியவர் தியேகோ பெர்மூதெஸ். இன்னொருவர் பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுவன், பின்னாளில் மானோலோ கராகோல் என்று புகழ்பெற்றவர். முதியவர் தன் ஊரிலிருந்து நடந்தே வந்தார் என்று இன்றும் சொல்வார்கள். கிட்டாரில் மேதையான ஆந்த்ரேஸ் செகோவியாவும் இந்த ஊரில் வளர்ந்தவர்தான். பெரும்பாலும் தானாகவே கற்று, 1909இல், பதினாறு வயதில், இங்கேதான் முதல் கச்சேரி செய்தார்.

கோமேரெஸ் தெருவில் ஏறும்போது கிட்டார் செய்யும் பட்டறைகளைப் பாருங்கள். கதவு திறந்திருந்தால் வாசலில் நின்று வணக்கம் சொல்லிவிட்டுப் பார்க்கலாம். வேலைக்கு நடுவே கேள்விகளை அடுக்க வேண்டாம். ஒரு பட்டறையில் முதியவர் ஒருவர் மேற்பலகையைச் சீவிக்கொண்டிருந்தார். நான்கைந்து இழைப்பு, பிறகு பலகையை இரண்டு விரலில் தொங்கவிட்டு முட்டியால் ஒரு தட்டு, காதருகே வைத்துக் கேட்பு, மறுபடி இழைப்பு. குயவர் பானையைத் தட்டிப் பார்ப்பது நினைவுக்கு வந்தது. பக்கத்து மாகாணமான அல்மெரியாவில் பிறந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817-1892) அமைத்துக்கொடுத்த உருவம்தான் இன்றைய கிட்டார். மேற்பலகையின் அடியில் விசிறிபோல் விரியும் மரச்சட்டங்களும், 65 சென்டிமீட்டர் தந்தி நீளமும் அவர் வழியாக நிலைபெற்றவை. கிட்டாரின் உயிர் மேற்பலகைதான் என்று காட்ட, 1862இல் அவர் பக்கங்களையும் முதுகையும் வெறும் அட்டையால் செய்து ஒரு கிட்டாரை உருவாக்கினார். அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பணம். நின்று ஓர் உருப்படி கேட்டால் ஒன்று அல்லது இரண்டு யூரோ. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இருவருமாகச் சேர்ந்து பத்து யூரோ போடுங்கள். அரங்க டிக்கெட்டோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. கைபேசியில் படம் பிடித்தால் கூடுதலாகவே போட வேண்டும், முதலில் கண்ணால் அனுமதியும் கேட்க வேண்டும். உருப்படி முடிந்த பிறகு எழுந்து போய், நாணயத்தை வீசாமல், குனிந்து பெட்டிக்குள் வையுங்கள். சில்லறையை முதல் நாளே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், நல்ல உடை அணிந்த குடும்பங்கள் அரை மணி நேரம் படம் பிடித்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போவதை அங்கே பார்த்து மனம் கசந்திருக்கிறேன்.

கால் பிசகிய அந்த மாலைக்கு வருகிறேன். அவர் தாரெகாவை வாசித்தார், அஸ்தூரியாஸை வாசித்தார், இரண்டு மூன்று ரும்பா வாசித்தார். கூட்டம் வந்தது, போனது. ஒன்பது மணி வாக்கில் மேசைகளில் சாப்பாடு தொடங்கியதும் நின்று கேட்பவர்கள் யாரும் இல்லை. நான் அதே சுவரில் இருந்தேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார், என் காலைப் பார்த்தார், செஹிய்யாவைக் கழற்றிப் பையில் போட்டார். பிறகு வாசித்தது ஊரின் பெயரையே தாங்கிய கிரனாயினா. அதற்குத் தாளக்கட்டு கிடையாது. ஆலாபனைபோல மூச்சின் அளவுக்கு நீளும். திறந்த தந்திகளை ஒலிக்கவிட்டு, ஒரு வாக்கியம் சொல்லி, ஆறு பேசும்வரை காத்திருந்து, அடுத்த வாக்கியம். தோடியின் ரிஷபத்தில் நிற்கும்போது ஒரு நடுக்கம் வருமே, அந்த இடத்தை அவர் நான்கு முறை தொட்டார். நான்கு முறையும் வேறு வழியாக வந்து தொட்டார். மேலே கோட்டையில் விளக்குகள் ஏற்றியிருந்தார்கள்.

முடித்ததும் தந்திகளின்மேல் ஒரு பருத்தித் துணியை விரித்து, கிட்டாரைப் பெட்டியில் படுக்கவைத்தார். நான் நொண்டிக்கொண்டு போய்ப் பணத்தைக் கொடுத்தேன். தலையசைத்து வாங்கிக்கொண்டு, "அஸ்தா மன்யானா" என்றார், நாளை பார்ப்போம் என்று. மறுநாள் ஏழு மணிக்குக் காலில் கட்டோடு அதே சுவருக்குப் போனேன். அவர் நகம் தேய்த்துக்கொண்டிருந்தார்.